ஆளைக் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லுங்கள்

(மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நம் பதிலாளர். சேலம் அஸ்தம்பட்டிவாசி. அரசு நடைமுறை, பத்திரிகைத் தொடர்பு, சட்ட வரைவு தெரிந்தவர்களைச் சின்னத் தொண்டு அமைப்புகளோடு சம்பளம் இல்லாமல் சேர்த்துவைப்பது இப்போது அவருடைய வேலை. அது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ஏற்காடு மலைக் கிராமங்களில் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகப் பகல்நேர மையம் நடத்துகிறோம். பஸ், அடையாள அட்டை, சாய்தளம் என்று எத்தனையோ மனு கொடுத்தாகிவிட்டது. எதுவும் நகரவில்லை. மந்திரி வரைக்கும் பேசக்கூடிய ஒருவரை எங்களுக்குச் சேர்த்துவிட முடியுமா அம்மா?
– மையப் பொறுப்பாளர், ஏற்காடு

மந்திரியைத் தெரிந்தவர் உங்களுக்கு வேண்டாம். கலெக்டர் அலுவலகத் தபால் பிரிவைத் தெரிந்தவர் போதும்.

நீங்கள் அனுப்பியிருந்த மனு நகலைப் படித்தேன். மூன்று பக்கம். முதல் பக்கம் முழுக்க மையம் தொடங்கிய கதை. இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் பஸ் வருகிறது. அதன் கீழே அடையாள அட்டை, மூன்றாம் பக்கத்தில் பள்ளிக்கூடச் சாய்தளம், கையெழுத்துக்குச் சற்று மேலே மையத்துக்கு நிலம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இதைக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே பதிவு செய்பவர் முன்னால் நீண்ட வரிசை நிற்கும். அவர் கண்ணில் முதலில் 'பஸ்' பட்டது, மனு போக்குவரத்துக் கழகத்துக்குப் போய்விட்டது. அவர்கள் பஸ்ஸைப் பற்றி ஒரு பதில் எழுதி முடித்துவிட்டார்கள். அட்டை, சாய்தளம், நிலம் மூன்றும் அந்தப் பதிலோடு சேர்ந்தே முடிந்துபோயின. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஒரு மனுவுக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு துறை. நடைமுறை அப்படித்தான்.

உங்களுக்கு நான் தேடுவது வருவாய்த் துறையில் சிரஸ்தாராகவோ கண்காணிப்பாளராகவோ இருந்து ஓய்வு பெற்றவரை. அவர் வந்தால் முதல் வேலையாக இந்த மனுவை நாலாகக் கிழிப்பார். பஸ் போக்குவரத்துக் கழகத்துக்கு, சாய்தளம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அட்டை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. நிலத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம் என்பார். நானும் அதையே சொல்வேன். நிலம் என்று வந்துவிட்டால் மற்ற மூன்றும் அதன் நிழலில் போய்விடும்.

முதலில் அட்டையை எடுங்கள், நிறைவேறக்கூடியது அதுதான். பொருள் வரி இப்படி இருக்கட்டும்: 'ஏற்காடு ஒன்றியம் – மாற்றுத்திறன் குழந்தைகள் – மருத்துவச் சான்று மற்றும் அடையாள அட்டை வழங்கும் முகாமை ஏற்காட்டிலேயே நடத்தக் கோருதல் – தொடர்பாக'. அதன் கீழே 'பார்வை' என்று உங்கள் பழைய மனுவின் எண்ணும் தேதியும். பிறகு இரண்டே பத்தி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் அரசு மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தால் காபித் தோட்டத்தில் தாய்க்கு அன்றைய கூலி போச்சு என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். கண்ணீர் வேண்டாம். இரண்டாம் பத்தியில் அட்டவணை: வயது, ஊர், குறைபாட்டின் வகை, ஆதார் உண்டா, ஏற்கெனவே சான்று உண்டா.

அந்த அட்டவணைதான் உயிர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. முகாம் என்றால் அதற்கேற்ற டாக்டர்கள் மலை ஏறி வர வேண்டும். எலும்பு டாக்டர் வேண்டுமா, காது மூக்கு தொண்டையா, மனநலமா, எத்தனை குழந்தைக்கு யார் என்பது தெரியாமல் எந்த அதிகாரியாலும் முகாமுக்குத் தேதி போட முடியாது. உங்கள் மூன்று பக்கத்தில் அன்பு நிறைய இருக்கிறது, இந்தக் கணக்கு இல்லை.

எனக்கு மறுபடி எழுதும்போது 'செல்வாக்குள்ள ஒருவர் வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'அட்டை முகாமுக்கு மனு தயாரித்து, தேதி கிடைக்கும்வரை எங்கள் பணியாளர் ஒருவரோடு அலுவலகத்துக்கு வந்துபோக ஒருவர் வேண்டும்' என்று எழுதுங்கள். அடுத்த வாரமே ஆள் பார்க்கிறேன்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர் குடும்பங்களுக்காகச் சின்ன அறக்கட்டளை வைத்திருக்கிறோம். 'அரசோடு பேசித் தருகிறேன்' என்று ஒரு நிபுணர் வந்தார். போட்டோ எடுத்தார், லிங்க்ட்இன்னில் போட்டார், அப்புறம் போனை எடுக்கவே இல்லை. இலவசமாக வருகிறவரை எப்படிக் கேள்வி கேட்பது?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

தாராளமாகக் கேட்கலாம். அவர் பணம் வாங்கவில்லை, உங்கள் நேரத்தை வாங்கியிருக்கிறாரே.

என் வேலை ஏறக்குறைய கல்யாணத் தரகர் வேலைதான். ஒரு வித்தியாசம், இந்தச் சம்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. முதல் சந்திப்பு எப்போதும் அறக்கட்டளையின் இடத்தில்தான், ஓட்டலில் கிடையாது. பட்டறைச் சந்துக்குள் வந்து, புகையும் அமில வாடையும் அடிக்கும் இடத்தில் அரைமணி நேரம் உட்கார முடியாதவர் ஆறு வாரம் தாங்க மாட்டார். அன்றைக்கே ஒரே தாளில் எழுதிக்கொள்வோம்: கையில் கொடுக்கப்போகும் பொருள் என்ன, எந்தத் தேதிக்குள், அறக்கட்டளை சார்பில் யார் கூடவே இருப்பார், பஸ் கட்டணம் யார் தருவார், போட்டோ எதற்கெல்லாம் பயன்படும். இரண்டு பேரும் கையெழுத்து. கோர்ட்டுக்குப் போவதற்கான தாள் இல்லை அது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்ற பேச்சு வராமல் இருக்க.

இதில் அறக்கட்டளைகள் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மனு எழுத வந்தவரிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டுவது, ஆண்டு விழாவுக்கு நன்கொடை கேட்பது, 'சாருக்குத்தான் எல்லாரையும் தெரியுமே' என்று சொந்தக்காரப் பையனுக்குக் காலேஜ் சீட் கேட்பது, இதெல்லாம் நடக்கிறது. அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை என்றால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

பெங்களூரில் பெரிய கம்பெனிகளுக்கு அரசுத் தொடர்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டில் குடியேறியிருக்கிறேன். அனுபவத்தைச் சும்மா வைத்திருக்க மனமில்லை. எங்கே தொடங்கலாம்?
– ஓய்வுபெற்ற வாசகர், ஏற்காடு

நல்வரவு சார். முதலில் உங்கள் பழைய விசிட்டிங் கார்டைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கம்பெனிக்காக நீங்கள் போனபோது கதவு திறந்ததற்குக் கம்பெனி பெயர் ஒரு காரணம். அறக்கட்டளைக்காகப் போகும்போது கதவு உங்களுக்காகத் திறக்கக் கூடாது, அந்த அறக்கட்டளைக்காகத் திறக்க வேண்டும். ஆகவே அலுவலகத்தில் நீங்கள் பேசாதீர்கள். பேச வேண்டியது அந்த மையத்தில் வேலை செய்யும் பெண். நீங்கள் பக்கத்து நாற்காலி. வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, அதிகாரி என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார், அடுத்து எந்தத் தாள் கேட்பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் முப்பது வருஷ அனுபவத்தில் உண்மையாகவே கைமாறக்கூடியது அந்த டீக்கடைப் பேச்சுதான். பேச்சையே நீங்கள் நடத்தினால் காரியம் ஒருமுறை நடக்கும். அடுத்த தடவை உங்களுக்கு மூட்டுவலி என்றால் எல்லாம் நின்றுவிடும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. எந்தெந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்தீர்கள் என்பதை முதல் நாளே அறக்கட்டளையிடம் சொல்லிவிடுங்கள். இது மேக்னசைட் சுரங்கமும் உருக்காலையும் காபி எஸ்டேட்டும் இருக்கிற மாவட்டம். ஒரு சுரங்கக் கம்பெனிக்கு வேலை செய்தவர், சுரங்கத் தூசியைப் பற்றிப் புகார் சொல்லும் ஊர்க் குழுவோடு உட்கார்ந்தால், மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒருநாள் பேச்சு வரும். அந்த மாதிரி ஜோடியை நான் சேர்க்கவே மாட்டேன்.

தொடங்குவதற்கு வனஉரிமை பற்றிய வேலை எதையாவது பாருங்கள். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் ஊர்கள் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு வனஉரிமைச் சட்டப்படி உரிமைகோரிக்கை முதலில் கிராம சபையில்தான் தொடங்குகிறது, அப்புறம் கோட்ட அளவுக் குழு, மாவட்டக் குழு. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். எந்தப் பழைய தாள் சாட்சியாகும், நிராகரித்தால் யாரிடம் மேல்முறையீடு என்று உட்கார்ந்து படித்துச் சொல்ல ஆளில்லாமல் கிடக்கும் கோரிக்கைகளுக்கு உங்களைப் போன்றவர் உபயோகம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சட்டமன்றத் தொகுதி ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே இரண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொகுதி எண்ணிக்கை குறைவு என்றால் கோப்பைப் பின்தொடர ஆள் தேவை அதிகம்.

நான் அரசு ஊழியர். எங்கள் தெரு அறக்கட்டளைக்கு மனு எழுதிக் கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், கொண்டலாம்பட்டி

உங்கள் துறையிடமே போகிற மனு என்றால் கூடாது. மற்றபடி சமூகசேவைக்கு நடத்தை விதிகளில் இடம் இருக்கிறது. ஆனாலும் மேலதிகாரிக்கு எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஓய்வு பெற்றதும் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அரசிடம் கோரிக்கை வைப்பது, சட்டத்தை மாற்றச் சொல்வது எல்லாம் அரசியல் ஆகிவிடாதா? எங்கள் ஆடிட்டர் '80ஜி (நன்கொடையாளருக்குக் கிடைக்கும் வரிச்சலுகை) போய்விடும்' என்று பயமுறுத்துகிறார்.
– குகை வாசகி

கள்ளுக்கடையை மூடச் சொல்வது சேவையா அரசியலா என்று வாதாடிய ஊர் இது. வக்கீலாக இருந்து 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1937-இல் மாகாண முதல்வரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், அக்டோபர் 1-ஆம் தேதி. அவர் கட்சிக்காரர், சட்டமன்றத்துக்குப் போனார். நீங்கள் போகவில்லை. அந்தக் கோடு தெரிந்தால் போதும்.

விதவை உதவித்தொகை தாமதம் என்று மனு கொடுப்பதும், ஓர் அரசாணையில் திருத்தம் கேட்பதும், எம்.எல்.ஏ.விடம் தொகுதி மேம்பாட்டு நிதியில் கழிப்பறை கேட்பதும் உங்கள் அறநோக்கத்தோடு சேர்ந்த காரியம். அதனால் வரிவிலக்கு போகாது. ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடச் சொல்வது, வேட்பாளருக்கு மேடை போட்டுக் கொடுப்பது, அறக்கட்டளைப் பணத்தை அங்கே திருப்புவது, இவை போகவைக்கும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நலத்திட்ட விழா, வேட்பாளரோடு போட்டோ இரண்டையும் நிறுத்திவையுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு படி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அரசியல் தன்மையுள்ள அமைப்பு அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. இதன்கீழ் இருந்த விதி ஒன்றைப் பற்றி 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசியல் நோக்கமோ கட்சித் தொடர்போ இல்லாமல் மக்கள் பிரச்சினைக்காகப் பந்த், மறியல் போன்றவற்றை ஆதரித்த காரணத்துக்காக மட்டும் ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று தள்ளிவிட முடியாது. உங்கள் ஆடிட்டருக்கு இதைக் காட்டுங்கள். அவர் பயப்படுவது தப்பில்லை, அவருடைய வேலை அது. ஆனால் பயத்தை உங்களுக்கு ஏற்றிவிடுவது அவர் வேலை இல்லை.

என் மகள் லண்டனில் பப்ளிக் அஃபயர்ஸ் (அரசுத் தொடர்பு) நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். அங்கே தொண்டு நிறுவனங்களுக்கு இப்படி இலவசமாக வேலை செய்வதுண்டாம். சேலத்துக்கும் செய்ய ஆசைப்படுகிறாள். முடியுமா?
– சுவர்ணபுரி வாசகி

முடியும். ஆனால் அங்கே செய்வதையே இங்கேயும் செய்ய முடியாது.

பிரிட்டனில் தொண்டு நிறுவனங்கள் எவ்வளவு தூரம் பிரச்சாரம் செய்யலாம் என்று அறக்கட்டளை ஆணையம் எழுத்தில் வழிகாட்டி வைத்திருக்கிறது. கொள்கையை மாற்றச் சொல்லலாம், கட்சியை ஆதரிக்கக் கூடாது. வாடிக்கையாளருக்காக அமைச்சர்களிடம் பேசும் ஆலோசகர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2014-இல் சட்டமே போட்டார்கள். நம் நாட்டில் அந்த மாதிரிப் பதிவேடு கிடையாது. அதனால் உங்கள் மகள் இங்கே வந்தால் முதலில் கொஞ்சம் திணறுவாள். யார் யாருக்காகப் பேசுகிறார் என்றே தெரியாதே என்பாள்.

அவளுக்குப் பொருத்தமான வேலை ஒன்று இருக்கிறது. மத்திய அரசு சட்டம் கொண்டுவருமுன் வரைவை முப்பது நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் கொள்கை வகுத்தது. எல்லா வரைவுக்கும் அது நடப்பதில்லை. நடக்கும்போதும் வரைவு பெரும்பாலும் இங்கிலீஷில், பக்கம் பக்கமாக வரும். பாராளுமன்ற நிலைக்குழுக்களும் மசோதா மீது கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பார்கள். நம் ஊர் கைத்தறிப் பெண்கள் குழுவுக்கோ முதியோர் இல்லத்துக்கோ அது தெரியவரும்போது கெடு முடிந்திருக்கும். கெடுவின் முதல் வாரத்திலேயே அதைப் படித்து, 'உங்களைத் தொடுவது இந்த நாலு பிரிவு, மாற்றம் கேட்க வேண்டியது இந்த இடத்தில்' என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் போதும். அதற்கு அம்மாப்பேட்டையில் இருக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதுவாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

எங்களுக்கு உதவும் வக்கீல் 'தகவல் உரிமை மனு போடலாம்' என்கிறார். போட்டால் அதிகாரி கோபித்துக்கொண்டு வேலையே நடக்காமல் போகுமோ?
– ஓமலூர் வாசகர்

முதலில் நேரில் கேளுங்கள். இரண்டாவது தடவையும் நேரில் கேளுங்கள். அதன்பிறகும் பதில் இல்லை என்றால் போடலாம். 2005-இலிருந்து இந்தச் சட்டம் இருக்கிறது, அதிகாரிகளுக்கும் பழகிவிட்டது.

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் கோபமும் குளிர்ச்சியும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்டால் அது தகவல் இல்லை, சண்டை. 'இந்த எண், இந்தத் தேதி மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை விவரமும், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலும் வழங்கக் கோருகிறேன்' என்று கேளுங்கள். அறக்கட்டளை பெயரில் வேண்டாம், ஒரு தனி நபர் பெயரில் போடுங்கள், உரிமை குடிமகனுக்குத்தான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில், இல்லாவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பாதி நேரம், அதிகாரிகள் தங்கள் கருத்தை எழுதிவைக்கும் அந்தக் குறிப்புப் பக்கத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும், நீங்கள் வைக்காத ஒரு சான்றுக்காகக் கோப்பு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஆலை ஊழியர்கள் தொண்டு நிறுவனங்களுக்கு இலவச ஆலோசனை தருகிறார்கள். அந்த நேரத்தைப் பணமாகக் கணக்கிட்டு சி.எஸ்.ஆர். (கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு) 2 சதவீதத்தில் காட்டலாமா?
– சங்ககிரி வாசகர்

காட்ட முடியாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 'செலவழிக்க வேண்டும்' என்கிறது, ஊழியர் நேரத்துக்கு விலை போட்டு அதில் சேர்க்க முடியாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் விளக்கமே கொடுத்துவிட்டது. ஆலோசனையைத் தொடர்ந்து கொடுங்கள், கணக்கை விடுங்கள்.

குழந்தைகள் இல்லம் நடத்துகிறோம். எங்கள் பிரச்சினை பத்திரிகையில் வந்தால் அரசு கவனிக்கும் என்று பிரஸ் மீட் வைக்க நினைக்கிறோம். பத்திரிகைத் துறையிலிருந்து யாராவது உதவுவார்களா?
– ஆத்தூர் வாசகி

இது என் சொந்தத் தொழில், கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ் மீட் வேண்டாம். பந்தலும் பூங்கொத்தும் தட்டுவடை செட்டும் செலவு. நிருபர்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், அன்றைக்குக் கலெக்டர் ஆய்வு இருந்தால் நடுவில் எழுந்து போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக அரைப் பக்கக் குறிப்பு ஒன்று. முதல் வரியிலேயே விஷயம்: 'மானியம் இந்த மாதத்திலிருந்து வரவில்லை, இத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள்.' உங்கள் இல்லத்தின் பெருமை கடைசி வரியில் இருந்தால் போதும், வெட்டினாலும் பாதகமில்லை. காலை பதினோரு மணிக்குள் அனுப்புங்கள். சாயங்காலம் அனுப்பினால் மறுநாள் பதிப்பில் இடம் இருக்காது. கீழே ஒரே ஒரு போன் நம்பர், மதியம் முழுக்க எடுக்கிற ஆளுடையது. சம்பந்தப்பட்ட அதிகாரிக்கும் அதே குறிப்பை முதல் நாளே காட்டிவிடுங்கள். காலைப் பத்திரிகையில் படித்து அதிர்ந்துபோகிற அதிகாரி உங்களுக்கு உதவ மாட்டார்.

போட்டோ பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இல்லத்துக் குழந்தைகளின் பெயர், முகம், பள்ளி, எது தெரிந்தாலும் தப்பு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 'பின்பக்கமாக எடுத்தோம் மேடம்' என்பார்கள், சட்டைப் பையில் பள்ளியின் பெயர் தெரியும். காலியான சாப்பாட்டுக் கூடத்தைப் படம் எடுங்கள்.

ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர் உங்கள் பக்கமே இருக்கிறார். குறிப்பை நீங்கள் எழுதி வையுங்கள், அவர் வந்து வெட்டிக் கொடுப்பார். வெட்டும்போது அழாமல் இருந்தால் சரி.

எங்கள் ஊரில் அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட ஒருவர் வழிகாட்டுவாரா? எப்போது எழுத வேண்டும்?
– தலைவாசல் வாசகர்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். எதைக் குறிவைக்கிறீர்களோ அதற்கு ஒரு மாதம் முன்பாக இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். சுவரின் நீளம், அங்கன்வாடி இருக்கும் இடத்தின் சர்வே எண், பக்கத்து நிலம் யாருடையது, மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் பக்கத்திலேயே ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கைவசம் இருக்கிறார். சர்வே எண் இல்லாத கடிதத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.